எல்க் வேட்டைக்கு உடை: சிட்காவா, குயூவா, ஃபர்ஸ்ட் லைட்டா? (குட்டைக் கால்காரனின் கேள்வி)

குறிஞ்சிவாசி | டென்வர் | ஆகஸ்ட் 11

வணக்கம். அலுவலக நண்பர் ஒருவர் நான்கு ஆண்டுகளாக அழைத்துக்கொண்டிருந்தார். இந்த அக்டோபரில் ஒருவழியாக அவருடன் எல்க் (வட அமெரிக்கப் பெரிய மான்) வேட்டைக்குப் போகிறேன். கொலராடோவின் வடமேற்கே ஃப்ளாட் டாப்ஸ் பகுதி, துப்பாக்கி வேட்டைக்கு ஒதுக்கிய பருவங்களில் இரண்டாவது. கூடாரம் அடிக்கும் இடமே பத்தாயிரம் அடி உயரம். காலையில் உறைபனி, நண்பகலில் சட்டையைக் கழற்ற வைக்கும் வெயில், மாலையில் பனிப்பொழிவு. மூன்றும் ஒரே நாளில் வரலாம் என்கிறார்.

துப்பாக்கி, உரிமம், காலணி எல்லாம் ஆயிற்று. உடையில்தான் சிக்கிக்கொண்டேன். சிட்கா, குயூ, ஃபர்ஸ்ட் லைட் என்று மூன்று வேட்டை உடைக் கம்பெனிகளின் பெயர்களை எல்லாரும் மந்திரம் போலச் சொல்கிறார்கள். ஒரு பேன்ட்டுக்கு 200, 300 டாலர் என்று பார்த்தாலே கை பின்வாங்குகிறது.

என் அளவுகள்: உயரம் 168 செ.மீ., இடுப்பு 34 அங்குலம், உள்கால் (கவட்டிலிருந்து கணுக்கால் வரை) 28 அங்குலம். வயிறு கொஞ்சம் முன்னே நிற்கும். அமெரிக்கக் கடையில் எந்தப் பேன்ட் எடுத்தாலும் கீழே நான்கு அங்குலம் மடித்துத் தைக்கும் வழக்கமான ஆள். மொத்தம் 900 டாலர் வரை செலவழிக்கலாம். உண்மையில் தரத்தில் வேறுபாடு இருக்கிறதா, பெயருக்குத்தான் காசா?

வில்லாளி | மொன்டானா | ஆகஸ்ட் 11

தம்பி, சிட்காவும் குயூவும் ஒரு வகையில் ஒரே வீட்டுப் பிள்ளைகள். 2005-இல் கலிஃபோர்னியாவில் சிட்காவைத் தொடங்கிய இருவரில் ஒருவர் ஜேசன் ஹேர்ஸ்டன். 2009-இல் கோர்-டெக்ஸ் என்ற நீர்புகாத துணியைத் தயாரிக்கும் கோர் நிறுவனமே சிட்காவை வாங்கிக்கொண்டது. ஹேர்ஸ்டன் வெளியே வந்து அதே மாநிலத்தின் டிக்சன் ஊரில் குயூவை எழுப்பினார். 2011-இல் விற்பனை தொடங்கியது. கோருக்குப் பதில் ஜப்பானின் டோரே துணி. கடைக்காரருக்குப் பங்கு கொடுக்காமல் நேரடி விற்பனை. ஆகவே சிட்காவின் உயர்ந்த மழைக்கோட்டுகளில் கோர்-டெக்ஸ் இருக்கும், குயூவின் சுகாச் மழைக்கோட்டில் டோரேயின் நீர்புகாத துணியான டெர்மிசாக்ஸ் இருக்கும். ஃபர்ஸ்ட் லைட் 2007-இல் ஐடஹோவில் மெரினோ கம்பளியோடு தொடங்கியது. 2019-இல் மீட்ஈட்டர் என்ற வேட்டை ஊடக நிறுவனம் வாங்கியது. இன்றும் அவர்களுடைய பலம் உடம்போடு ஒட்டிக் கிடக்கும் அந்த முதல் அடுக்குதான்.

நான் மூன்றையும் உடுத்திக் கிழித்திருக்கிறேன். துணியில் இருக்கும் வேறுபாடு பத்து நாள் வேட்டையில் தெரியாது. வெட்டில் இருப்பது முதல் மேட்டிலேயே தெரிந்துவிடும். என் உடம்புக்குப் பட்டதைச் சொல்கிறேன். குயூ ஒட்டிப் பிடிக்கும்; தோளும் மார்பும் இறுக்கம், ஒல்லியாக நெடுநெடுவென்று இருப்பவனுக்கு வரம். சிட்காவின் மலைவரிசை அதைவிட அரை விரல் தாராளம். ஃபர்ஸ்ட் லைட்டில் தொடையில் காற்று புகும். உங்கள் வயிற்றைப் பற்றிச் சொன்னீர்களே, அதற்குக் குயூவில் மேல்சட்டை ஓர் அளவு கூட்டி எடுக்க வேண்டியிருக்கும். அப்போது கை நீண்டுவிடும்.

எப்போதும் மார்பில் பைனாகுலர் பட்டையைப் போட்டுக்கொண்டு அணிந்து பாருங்கள். மார்புப்பையில் எதையாவது வைத்தால் பட்டைக்கு அடியில் மாட்டிக்கொள்ளும். கடையின் கண்ணாடி முன் அழகாகத் தெரியும் பையெல்லாம் மலையில் செத்த பை.

பழைய கம்பளி | மின்னசோட்டா | ஆகஸ்ட் 12

ஒரு கேள்வி கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். துப்பாக்கிப் பருவம் என்கிறீர்கள். கொலராடோவில் இடுப்புக்கு மேலே குறைந்தது 500 சதுர அங்குலம் ஒளிரும் ஆரஞ்சோ பிங்க்கோ தெரிய வேண்டும், தொப்பியும் அதே நிறத்தில் இருக்க வேண்டும் என்பது சட்டம். இலைக்கோல வடிவம் அச்சிட்ட ஆரஞ்சு கணக்கில் சேராது. அப்படியென்றால் 300 டாலர் கொடுத்து வாங்கும் அந்த நவீன மறைவரிக் (கேமஃப்ளாஜ்) கோலத்தின் மேலே 15 டாலர் ஆரஞ்சு மேலாடையைப் போட்டு மூடப் போகிறீர்கள். கோலத்துக்கா இந்தக் காசு?

எல்க்கும் மானும் நம்மைப் போல ஆரஞ்சைக் காண்பதில்லை. அவற்றின் கண்ணில் நிறம் உணரும் கூம்பு உயிரணுக்கள் இரண்டு வகைதான். நீலப் பக்கம் கூர்மை, சிவப்புப் பக்கம் மங்கல். அசையாமல் இருந்தாலே பாதி மறைந்துவிட்டீர்கள். காற்று விலங்கிடமிருந்து உங்கள் பக்கம் வீசும்படி நின்றால் மீதியும் மறைந்தது.

நான் முப்பது ஆண்டுகளாக ஃபில்சனின் கனமான கம்பளிக் கோட்டைப் போடுகிறேன். 1897-இல் சியாட்டிலில் தொடங்கிய கடை. நனைந்தாலும் சூடு முழுதும் போகாது, முள்ளில் சிக்கினால் சத்தம் வராது, நெருப்புப் பொறி பட்டால் உருகாது.

வில்லாளி | மொன்டானா | ஆகஸ்ட் 12

ஐயா, நனைந்த அந்தக் கோட்டின் எடையையும் சொல்லிவிடுங்கள். முதுகில் எல்க்கின் ஒரு பின்தொடையைச் சுமந்து இரண்டாயிரம் அடி இறங்கும்போது தோளில் இன்னோர் ஆடு ஏறி உட்கார்ந்ததுபோல் இருக்கும். மின்னசோட்டாவில் ஓரிடத்தில் உட்கார்ந்து காத்திருக்க அதைவிட நல்லது இல்லை என்று நானும் சொல்வேன்.

கோலத்தைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. தம்பி, ஒற்றை நிறத்தில் வாங்குங்கள். ஸ்டோன் கிளேசியர் முதலில் முதுகுப்பை செய்து பேர் வாங்கி, பிறகு உடைக்கு வந்த நிறுவனம்; ஒற்றை நிறத்தில்தான் அவர்கள் பிழைப்பே ஓடுகிறது. அந்தப் பேன்ட்டை அலுவலகத்துக்குக்கூடப் போட்டுக்கொண்டு போகலாம்.

திருப்பூர்க்காரன் | போர்ட்லாந்து | ஆகஸ்ட் 12

பொறுக்க முடியாமல் எழுதுகிறேன். நான் வேட்டைக்காரன் இல்லை, மலையேறுவதோடு சரி. ஆனால் பதினோரு ஆண்டுகள் திருப்பூரில் ஏற்றுமதி ஆடைக் கம்பெனியில் கட்டிங் மாஸ்டருக்குக் கீழே வேலை பார்த்தவன். குறிஞ்சிவாசி எழுதியதில் ஒரு வரி தூக்கத்தைக் கெடுத்துவிட்டது: "கீழே நான்கு அங்குலம் மடித்துத் தைக்கும் ஆள்."

சாதாரணப் பேன்ட்டை மடித்துத் தைக்கலாம். இந்த மலைப் பேன்ட்டுகளைத் தைத்தால் கெட்டது. ஏனென்று பாருங்கள். இவற்றின் முட்டி, நேரான குழாய் கிடையாது. முன்பக்கம் இரண்டு மூன்று டார்ட் (துணியைக் கூராக மடித்துத் தைக்கும் பிடிப்பு) பிடித்து, முட்டி ஏற்கெனவே மடங்கியிருப்பதுபோல் வளைத்து வெட்டியிருப்பார்கள். அந்த வளைவு உங்கள் முட்டிச் சில்லின் மேல் உட்கார்ந்தால்தான் மேடேறும்போது துணி இழுக்காது. கம்பெனி அந்த வளைவை வைத்தது 32 அங்குல உள்காலுக்கு. உங்கள் கால் 28. நீங்கள் கீழே நான்கு அங்குலத்தை வெட்டிவிடுகிறீர்கள். முட்டி எங்கே போயிற்று? அது இருந்த இடத்திலேயே இருக்கிறது. உங்கள் முட்டி அதைவிட ஏறத்தாழ இரண்டு அங்குலம் மேலே நிற்கிறது. வளைவு உங்கள் முழங்காலுக்குக் கீழே, கெண்டைக்கால் எலும்பின் மேல் புடைத்துக்கொண்டிருக்கும். முட்டியிருக்கும் இடத்தில் இறுக்கமான நேர்த்துணி. குனிந்தால் இடுப்பு கீழே இழுக்கும், ஏறினால் தொடை பிடிக்கும். "இந்தப் பிராண்டு எனக்குச் சரிவரவில்லை" என்று எழுதுகிறவர்களில் பாதிப்பேருக்கு இதுதான் வியாதி என்பது என் கணிப்பு.

முட்டிப் பட்டை (முட்டியைக் காக்கும் மெத்தை) வைக்கும் பேன்ட் என்றால் இன்னும் மோசம். சிட்காவின் டிம்பர்லைனில் கழற்றி மாட்டும் பட்டை உண்டு, நல்ல யோசனைதான். கால் குட்டையானவருக்கு அது முட்டிக்கு வராது, கிரிக்கெட் ஆட்டக்காரரின் கால்காப்பு மாதிரி கீழே நிற்கும்.

இடுப்பு அளவு குறைந்தால் முட்டியும் மேலே ஏறும் என்று நினைக்காதீர்கள். அளவுகளைப் பெருக்கும்போதும் குறைக்கும்போதும் அகலம்தான் பெரிதும் மாறும். உயரப் புள்ளிகள் கொஞ்சமாகத்தான் நகரும். தனியாகக் குட்டை உள்கால் அளவு வெட்டினால்தான் முட்டி சரியான இடத்துக்கு வரும்.

வாங்குமுன் இதைச் செய்யுங்கள். ஒரு நாற்காலியில் உட்காராமல் நின்றபடி, கவட்டிலிருந்து முட்டிச் சில்லின் நடு வரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பேன்ட்டைத் தரையில் விரித்து, கவட்டுத் தையலிலிருந்து முட்டி டார்ட்டின் நடுப்புள்ளி வரை அளந்து பாருங்கள். ஓர் அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள், அது எவ்வளவு பேர் பெற்ற கம்பெனியாக இருந்தாலும்.

குறிஞ்சிவாசி | டென்வர் | ஆகஸ்ட் 13

திருப்பூர்க்காரரே, நேற்று இரவு படித்துவிட்டு அலமாரியிலிருந்த பழைய மலைநடைப் பேன்ட்டை எடுத்துத் தரையில் விரித்தேன். அதுவும் நான்கு அங்குலம் மடித்ததுதான். என் முட்டி கவட்டிலிருந்து 12 அங்குலம். பேன்ட்டின் டார்ட் 14¼. இத்தனை ஆண்டுகளாக என் முழங்காலில் ஏதோ கோளாறு என்று நினைத்துத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

இனி யாரைக் கேட்பது? குயூவில் உயரமானவர்களுக்கு நீளக்கால் அளவு போட்டிருக்கிறார்கள். குட்டையானவனுக்கு என்ன வழி?

பரண்வாசி | ஒன்ராறியோ | ஆகஸ்ட் 13

குறிஞ்சி அண்ணை, நான் உங்களுக்குப் பயன்பட மாட்டேன், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். இங்கே வெள்ளைவால் மானுக்கு மரத்தில் பரண் கட்டி நான்கு மணி நேரம் ஆடாமல் அசையாமல் இருப்பதுதான் வேட்டை. அதற்குச் சிட்காவின் ஃபனாடிக் வரிசை அருமை. மேல்துணி ஆட்டுக்குட்டி முடி மாதிரி; நகத்தால் கீறினாலும் ஓசை வராது. வயிற்றின் முன்னால் கைகளை நுழைத்துச் சூடேற்ற ஒரு குழாய்ப் பை, அதற்காக ஜிப்பையே ஒரு பக்கம் தள்ளி வைத்திருக்கிறார்கள். ஃபர்ஸ்ட் லைட்டின் சாங்ச்சுவரியும் அந்த இனம்தான். இதைப் போட்டுக்கொண்டு உங்கள் மலையில் ஏறினால் முதல் அரை மணியில் குளித்துவிடுவீர்கள். பலர் செய்யும் பிழை, பரணுக்கான உடையையும் மலைக்கான உடையையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பது.

எங்கள் ஊரிலும் துப்பாக்கிப் பருவத்தில் 400 சதுர அங்குலம் ஆரஞ்சு கட்டாயம். கம்பளி ஐயா சொன்னது அப்படியே பொருந்தும்.

வடமுனை | ஓஸ்லோ | ஆகஸ்ட் 14

குட்டைக் காலுக்கு வழி இருக்கிறது. அமெரிக்காவை விட்டு வெளியே பாருங்கள்.

ஸ்காண்டிநேவியாவில் ஆண்களின் பேன்ட்டுக்குச் சி அளவு, டி அளவு என்று இரண்டு வரிசை உண்டு. சி என்றால் வழக்கமான உடம்பு. டி என்றால் கால் குட்டை, இடுப்பு தாராளம். வெட்கப்பட்டு மறைக்கும் அளவு அன்று; தொழிலாளர் உடை விற்கும் எந்தக் கடையிலும் அலமாரி நிறைய இருக்கும். வேட்டை உடை தயாரிக்கும் ஸ்வீடனின் பைன்வுட் நிறுவனத்தில் பல பேன்ட்டுகள் டி அளவில் கிடைக்கின்றன. நான் 166 செ.மீ. இங்கே வந்த புதிதில் பேன்ட்டை மடித்துத் தைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் கடையில் இருந்த மூதாட்டி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் டி-100 ஒன்றை எடுத்து நீட்டினார். அன்றைக்குத்தான் என் முட்டிக்கு விடுதலை.

இங்கே மூஸ் (மான் இனத்தில் மிகப் பெரியது) வேட்டை செப்டம்பர் 25-இல் தொடங்கும். கூட்டமாகப் போவோம், நாய் காட்டுக்குள் போகும், நாங்கள் ஆளுக்கோர் இடத்தில் காத்திருப்போம். அதனால் இங்கத்திய உயர்விலை உடைகளில், அதாவது ஹார்கிலா, நொர்ரோனாவின் வேட்டை வரிசை போன்றவற்றில், மழைக்கோட்டே மேலே மென்மையாக, சரசரப்பில்லாமல் இருக்கும். எடை கூடுதல். உங்கள் எடைக்கணக்குக்கு மேல்சட்டையை அமெரிக்காவில் வாங்குங்கள், பேன்ட்டை மட்டும் இங்கிருந்து தருவியுங்கள். பைன்வுட்டின் துணி டோரேயின் துணிக்கு நிகர் என்று சொல்ல மாட்டேன். பருத்தி கலந்த ரகங்களும் இருக்கின்றன; அவற்றைத் தவிர்த்து, இழுவை கொடுக்கும் செயற்கை இழை ரகமாகப் பார்த்து எடுங்கள்.

கோவைத் தென்றல் | கோயம்புத்தூர் | ஆகஸ்ட் 14

விலங்கைக் கொல்வதற்கு இத்தனை அலங்காரமா? இங்கே 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இவர்கள் அத்தனை பேரும் சிறையில் இருப்பார்கள்.

நெறியாளர் | ஆகஸ்ட் 14

இந்தியாவில் அப்படித்தான். அமெரிக்காவிலும் கனடாவிலும் நார்வேயிலும் உரிமம், எண்ணிக்கை வரம்பு, பருவம் எல்லாம் வகுத்து நடக்கும் சட்டபூர்வமான வேட்டை இது. அமெரிக்காவில் துப்பாக்கி, தோட்டா மீதான வரி 1937-ஆம் ஆண்டின் சட்டப்படி காட்டுயிர்ப் பராமரிப்புக்கே போகிறது. சரியா தவறா என்பதற்குத் தனி இழை இருக்கிறது, அங்கே தாராளமாக வாதிடலாம். இங்கே உடையைப் பற்றி மட்டும்.

பனிப்பூ | கால்கரி | ஆகஸ்ட் 15

பெண்கள் யாரும் பேசவில்லையே என்று வந்தேன். என் உயரம் 155 செ.மீ. இரண்டு ஆண்டுகள் சிறுவர் அளவுப் பேன்ட்டில் ஓட்டினேன். தொடையில் ஏறாது, ஏறினால் இடுப்பில் கைப்பை வைக்கும் அளவுக்கு இடைவெளி. சிட்கா, ஃபர்ஸ்ட் லைட், குயூ மூன்றிலும் இப்போது பெண்களுக்குத் தனி வெட்டு இருக்கிறது. பழைய நாளில் ஆண்கள் உடையைச் சுருக்கிப் பெண்கள் உடை என்று விற்றார்களே, அந்தக் கூத்து குறைந்திருக்கிறது. எனக்கு ஃபர்ஸ்ட் லைட்டின் இடுப்பு வெட்டு பொருந்திற்று. என் தோழிக்குப் பொருந்தவில்லை. ஆகவே இதை வைத்து வாங்கிவிடாதீர்கள்.

நான் எழுத வந்தது மழைப் பேன்ட்டைப் பற்றி. திருப்பூர் அண்ணா சாதாரணப் பேன்ட்டைச் சொன்னார்; மழைப் பேன்ட்டை மடித்துத் தைத்தால் நேரும் கதியை நான் அனுபவித்தேன். நல்ல விலைக்கு வாங்கிய ஒன்று. பெயர் வேண்டாம், பிழை என்னுடையது. நீளமாக இருக்கிறதே என்று கடைத்தெருத் தையற்காரரிடம் கொடுத்தேன். பக்கவாட்டில் இடுப்பிலிருந்து கணுக்கால் வரை ஜிப் ஓடும் ரகம். அவர் கீழே ஜிப்பின் முனையை வெட்டி, அழகாக ஊசிப்போட்டுத் தைத்துக் கொடுத்தார். அடுத்த மாதமே மழை. ஊசி துளைத்த ஒவ்வோர் ஓட்டையும் ஓர் ஊற்று. தையலுக்கு அடியில் ஒட்டியிருக்கும் நாடாதான் நீரைத் தடுக்கிறது என்பது எனக்கு அப்போது தெரியாது. ஜிப்பின் அடி முனை போனதால் கீழிருந்து திறக்கவும் முடியவில்லை. காலணியோடு பேன்ட்டைக் கழற்ற முடியாமல் பனியில் ஒற்றைக்காலில் குதித்துக்கொண்டிருந்தேன். கணவர் உதவிக்கு வராமல் படம் எடுத்தார்.

மழைப் பேன்ட் நீளமாக இருந்தால் இருக்கட்டும். கெய்ட்டருக்குள் (காலணிக்கு மேலே காலைச் சுற்றிக் கட்டும் உறை) சுருக்கி விட்டுவிடுங்கள்.

திருப்பூர்க்காரன் | போர்ட்லாந்து | ஆகஸ்ட் 15

பனிப்பூ அக்கா சொன்னதைக் கல்வெட்டில் பொறிக்கலாம். மழைப் பேன்ட்டில் முட்டி தள்ளிப் போனாலும் பெரிய கேடு இல்லை, அது தொளதொளவென்று மேலே போடுவதுதானே.

தரம் பார்ப்பது பற்றிக் குறிஞ்சிவாசி கேட்டிருந்தார். விலைச்சீட்டைப் பார்க்காமல் உள்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். பை வாயின் இரண்டு முனையிலும், கவட்டில் நான்கு தையல் கூடும் இடத்திலும் பார்டேக் (பிரியாமல் இருக்க நெருக்கமாக அடிக்கும் தையல்) அடித்திருக்கிறார்களா? கவட்டில் வைர வடிவத்தில் தனித் துண்டு வைத்திருக்கிறார்களா? அது இல்லாத பேன்ட் காலைத் தூக்கினால் நடுத்தையலில் விடும். முதுகுப்பை வார் உட்காரும் தோளில் தையல் நேராக ஓடக் கூடாது. முன்பக்கமோ பின்பக்கமோ தள்ளியிருக்க வேண்டும். உள்சட்டையில் ஓவர்லாக் (மேடு தட்டும் தையல்) இருந்தால் இரண்டாம் நாள் தோல் சிவக்கும், ஃப்ளாட்லாக் (தட்டையாகப் படியும் தையல்) இருந்தால் தெரியவே தெரியாது.

இழுவைத் துணியில் இரண்டு வகை. எலாஸ்டேன் இழை கலந்து இழுப்பது ஒன்று. இழையின் முறுக்கினாலேயே இழுப்பது மற்றொன்று. குயூவின் அட்டாக் பேன்ட்டில் வரும் டோரேயின் பிரைம்ஃப்ளெக்ஸ் இரண்டாவது வகை. எலாஸ்டேன் நாளாக நாளாகத் தொங்கிப்போகும், ஈரத்தையும் சற்று அதிகம் பிடித்துக்கொள்ளும். இந்த ஒரு புள்ளியில் குயூவுக்கு என் ஓட்டு.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பெயர்களில் பெரும்பாலானவை ஆசியத் தொழிற்சாலைகளில் தைக்கப்படுபவைதாம். அதில் குறை ஒன்றும் இல்லை. தைக்கும் கை எந்த நாட்டுடையது என்பதைவிட, அங்கே நின்று எத்தனை துண்டுகளை ஒதுக்கித் தள்ளுகிறார்கள் என்பதில்தான் தரம் இருக்கிறது. ஒதுக்கித் தள்ளியதை நாங்கள் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வாங்கிப் போட்டவர்கள்.

வில்லாளி | மொன்டானா | ஆகஸ்ட் 16

மழைக்கோட்டு வாங்கினால் துவைக்கப் பயப்படாதீர்கள். கலிஃபோர்னியாவில் 2025 தொடக்கத்திலிருந்து பி.எஃப்.ஏ.எஸ். (எளிதில் அழியாத ஃபுளோரின் சேர்மங்கள்) வேதிப்பொருள் சேர்த்த ஆடைகளுக்குப் பொதுவாகத் தடை வந்துவிட்டது. அதனால் மேல்துணியில் நீரை உருட்டிவிடும் பூச்சு இப்போது வேறு வகை. பழையதைப்போல எண்ணெயை விலக்காது; வியர்வையும் அழுக்கும் ஏறினால் துணி நனைந்து கனக்கும். உள்ளே ஒழுகாது, ஆனால் வியர்வை ஆவி வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே ஈரமாகும். "கோட்டு ஒழுகுகிறது" என்று திருப்பி அனுப்புகிறவர்களில் பலர் தம் வியர்வையைத்தான் திருப்பி அனுப்புகிறார்கள். இதற்கென்று விற்கும் சோப்பில் துவைத்து, மிதமான சூட்டில் உலர்த்தினால் பூச்சு மீண்டும் வேலை செய்யும்.

வீட்டுச் சலவைத்தூள் கூடவே கூடாது. வெள்ளையைப் பளிச்சென்று காட்டும் பொருள் அதில் இருக்கும். கம்பளி ஐயா சொன்னாரே, மானுக்கு நீலப் பக்கம் கூர்மை என்று. அந்தக் கண்ணுக்கு நீங்கள் விளக்கு ஏற்றிக்கொண்டு நிற்பீர்கள்.

குறிஞ்சிவாசி | டென்வர் | செப்டம்பர் 9

நால்வர் சொல்லையும் கேட்டு நான்கு பொட்டலங்கள் வரவழைத்தேன். சோதனை நடந்த இடம் எங்கள் படுக்கையறை.

முதுகுப்பையில் 20 கிலோ பொன்னி அரிசி மூட்டையை வைத்துக் கட்டினேன். ஒவ்வொரு பேன்ட்டாக மாட்டிக்கொண்டு கட்டில் விளிம்பில் இருபது முறை ஏறி இறங்கினேன், சுடுவதுபோல் ஒரு முட்டியில் உட்கார்ந்தேன், மல்லாந்தேன். மகள் வாசலில் நின்று மதிப்பெண் போட்டாள்.

குயூ அட்டாக், இடுப்பு 34: துணி தேன். இழுவை, எடை, பக்கவாட்டுக் காற்று ஜிப் எல்லாம் பிடித்தன. டார்ட் கவட்டிலிருந்து 14½ அங்குலம். முட்டியில் உட்கார்ந்ததும் இடுப்பு பின்னால் மூன்று விரல் இறங்கி, முதுகுப்பையின் இடுப்புப்பட்டைக்குக் கீழே போய்விட்டது. சிட்கா: டார்ட் 14. முட்டிப் பட்டையைச் சொன்னபடியே கெண்டைக்காலில் கண்டேன். ஃபர்ஸ்ட் லைட்டின் கோரகேட்: தொடை தாராளமாக இருந்ததால் முட்டி தள்ளிப் போனதே பெரிதாக உறுத்தவில்லை. இது எதிர்பாராதது. மடிக்காமல் காலணிக்குள் செருகினால் ஒப்பேற்றலாம்.

நான்காவது, வடமுனை அண்ணன் சொன்ன டி அளவுப் பேன்ட். துணி கனம், கையில் எடுத்தபோது ஏமாற்றம். மாட்டிக்கொண்டு கட்டிலில் ஏறினேன். ஒன்றும் நடக்கவில்லை. இழுக்கவில்லை, இறங்கவில்லை. டார்ட் 12½. வாழ்நாளில் முதன்முறையாக மடிக்காத பேன்ட் என் கணுக்காலில் சரியாக முடிந்தது. மகள் பத்துக்கு ஒன்பது போட்டாள், நிறம் பிடிக்கவில்லையாம்.

ஆகவே பேன்ட் ஸ்வீடனிலிருந்து. அதோடு இடுப்பு வாரைக் கழற்றிவிட்டுத் தோள்பட்டை நாடா மாட்டியிருக்கிறேன். வார்க்கொக்கி முதுகுப்பைப் பட்டைக்கு அடியில் அழுத்துகிறது. உள்சட்டை இரண்டு ஃபர்ஸ்ட் லைட் மெரினோ: மெல்லியது ஒன்று, சற்றுக் கனமான கில்ன் (சதுர மீட்டருக்கு 250 கிராம்) ஒன்று. மழைக்கோட்டு குயூவின் சுகாச், ஓர் அளவு கூட்டி. கை நீளத்தை மணிக்கட்டு ஒட்டுப்பட்டை பார்த்துக்கொள்கிறது. இறகு ஜாக்கெட் பழையதே போதும். மொத்தம் 870 டாலர்.

பழைய கம்பளி | மின்னசோட்டா | செப்டம்பர் 9

ஆரஞ்சு மேலாடைக்கு மீதி 30 இருக்கிறது. பரவாயில்லை, கணக்கு உதைக்கவில்லை.

குறிஞ்சிவாசி | டென்வர் | நவம்பர் 4

திரும்பி வந்து ஒரு வாரம் ஆகிறது. கை விரல் இப்போதுதான் தட்டச்சுக்கு இணங்குகிறது.

முதல் நாள் காலை நான்கரைக்குக் கூடாரத்தை விட்டுக் கிளம்பினோம். குளிருக்குப் பயந்து எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு புறப்பட்டேன். நண்பர் என்னைப் பார்த்து, "புறப்படும்போது நடுங்கினால்தான் சரியான உடை" என்றார். கேட்கவில்லை. இருபது நிமிடத்தில் முதுகு நனைந்தது. முகட்டில் உட்கார்ந்ததும் அந்த ஈரம் பனிக்கட்டி. மெரினோ மட்டும் இல்லையென்றால் திரும்பி இறங்கியிருப்பேன். ஈரமாகவே இருந்தது, ஆனால் தோலில் ஒட்டிக் கடிக்கவில்லை. ஐந்து நாளும் அதே சட்டை. கூடாரத்தில் நாற்றம் அடிக்காதவன் நான் ஒருவன்தான். நண்பரின் செயற்கை இழைச் சட்டையைப் பற்றி இங்கே எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

இரண்டாம் நாள் மாலையிலிருந்து பனி. மூன்றாம் நாள் நண்பருக்கு ஒரு பெண் எல்க் கிடைத்தது. எனக்கு ஒன்றும் இல்லை. ஒரே ஒருமுறை இருநூறு கஜத்தில் ஓர் ஆண் எல்க்கின் பின்பக்கம் மரத்துக்குள் மறைவதைப் பார்த்தேன். சுடும் கோணம் இல்லை. இறைச்சியை இருவரும் இரண்டு நடையில் சுமந்தோம். என் முதுகில் ஒரு பின்தொடை, சுமார் 28 கிலோ இருக்கும். விழுந்து கிடந்த மரங்களைத் தாண்டித் தாண்டி மூன்று மைல். அந்த மூன்று மைலில் பேன்ட்டைப் பற்றி ஒருமுறைகூட நினைக்கவில்லை.

குறையும் சொல்ல வேண்டும். ஸ்வீடன் துணி பனியில் கனத்தது. கூடாரத்தில் அடுப்பருகே அது காய ஓர் இரவு முழுதும் பிடித்தது. நண்பரின் மெல்லிய பேன்ட் அவர் காலிலேயே ஒரு மணியில் காய்ந்துவிட்டது. அந்தத் துணியை இந்த வெட்டில் யாராவது தைத்தால் முதல் ஆளாக வரிசையில் நிற்பேன்.

கடைசியாக ஒரு விற்பனை. சோதனைக்கு வரவழைத்த அட்டாக் பேன்ட்டைத் திருப்பி அனுப்பும் தேதியைத் தவறவிட்டேன். இடுப்பு 34, ஒற்றை நிறம், படுக்கையறைக் கட்டிலைத் தவிர எதன்மீதும் ஏறாதது. மடிக்கவில்லை. பாதி விலைக்குத் தருகிறேன், தபால் செலவு என்னுடையது. உயரமானவர்கள் மட்டும் கேட்கவும்.

வில்லாளி | மொன்டானா | நவம்பர் 4

எனக்கு. உள்கால் 33. முகவரியைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன்.

திருப்பூர்க்காரன் | போர்ட்லாந்து | நவம்பர் 5

வில்லாளி அண்ணா, வந்ததும் முதலில் டார்ட்டை அளந்து பாருங்கள்.